நாய்க்கு எங்கே கட்டைவிரல்?

"என்ன சார், மணியைக் காணோமே?" என்று லேக் பக்கம் மாலை நடையில் நம் சங்க அன்பர் ஒருவர் கேட்டார். அன்று பதில் சொல்லத் தயங்கினேன். இங்கே சொல்லிவிடுகிறேன்.

மணி எங்கள் வீட்டு டாஷ்ஹண்ட் நாய். நீள முதுகு, குட்டைக் கால். ஒரு நாள் காலையில் பின்னங்கால்கள் தள்ளாடின. நான் கால்நடை மருத்துவரிடம் போகவில்லை. அக்குபங்சர் தெரிந்த ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். கொல்கத்தாவாசிகளுக்கு இந்த ஊசியில் தனி நம்பிக்கை உண்டு. 1938-இல் சீனா சென்ற இந்திய மருத்துவக் குழுவில் இருந்த டாக்டர் விஜய் குமார் பாசு, பிற்காலத்தில் அதைக் கற்று வந்து இங்கே பரப்பினார். என் மனைவியின் முழங்கால் வலியும் ஊசியில்தான் குறைந்தது.

அவர் சுவரிலிருந்த படத்தைப் பார்த்துப் புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து நான்கு நாள் குத்தினார். ஐந்தாம் நாள், விரலை அழுத்திக் கிள்ளினாலும் மணிக்கு உணர்வில்லை. முதுகெலும்புத் தட்டு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தியிருந்தது. "உணர்வு போவதற்கு முன்பே வந்திருந்தால் அறுவை சிகிச்சையில் நல்ல வாய்ப்பு இருந்தது" என்றார் மருத்துவர். இன்று மணி பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகர்கிறது.

அதன் பிறகுதான் படித்தேன். பழைய சீனக் கால்நடை வைத்தியர்கள் பெரும்பாலும் குதிரைக்கும் மாட்டுக்கும்தான் ஊசி போட்டார்கள். இன்றைய நாய்ப் படங்களில் உள்ள சக்திப் பாதைகள் பெரும்பாலும் மனித உடலிலிருந்து பெயர்த்து வரையப்பட்டவை. மனிதனுக்கு மண்ணீரல் பாதையும் கல்லீரல் பாதையும் கால் கட்டைவிரலில் தொடங்குகின்றன. பெரும்பாலான நாய்களுக்குப் பின்னங்காலில் அந்த விரலே கிடையாது! நமக்கு மார்பு முள்ளெலும்புகள் 12, நாய்க்கு 13. இடுப்பில் நமக்கு 5, நாய்க்கு 7. குதிரைக்குப் பித்தப்பையே இல்லை. ஆனாலும் அதற்குப் பித்தப்பைப் பாதை வரைகிறார்கள்.

ஊசியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூட்டுவலிக்கு மருந்தோடு சேர்த்து ஊசியும் போடும் கால்நடை மருத்துவர்கள் உண்டு. ஆனால் முதலில் நோய் என்னவென்று தெரிய வேண்டும்; புள்ளி அதற்குப் பிறகுதான். உங்கள் வீட்டு நாயின் கால் தள்ளாடினால் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசி போடுபவரிடம், "எந்த நோய்க்காக இந்தப் புள்ளி?" என்று கேளுங்கள். மணியால் கேட்க முடியாது. நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.