மின்னும் கண்ணும் மின்னாத கண்ணும்



சென்ற திங்கள், இடுக்கி மலையிலிருந்து ஓர் அன்பர் நம் சங்கத்துக்கு எழுதிய கடிதம் என் பார்வைக்கு வந்தது. அவர் ஏலத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர். லயத்துக்குப் பின்னால் சிறிது நிலத்தில் மரவள்ளியும் சேம்பும் பயிரிட்டிருந்தார். காட்டுப் பன்றிகள் ஒரே இரவில் அதை உழுது போட்டுவிட்டன. அவருடைய மகன் நெற்றியில் கட்டும் டார்ச் விளக்கு ஒன்றையும், அதன் முகத்தில் மாட்டச் சிவப்பு, பச்சை, மஞ்சள் ஆகிய மூன்று நிறக் கண்ணாடிகளையும் வாங்கி வந்திருக்கிறான். நண்பன் ஒருவன் துப்பாக்கி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறானாம். “எந்த நிறத்தை மாட்டினால் பன்றி மிரளாமல் நிற்கும்? தாங்கள் ரயில்வேயில் இருப்பவர். சிவப்பு, பச்சை விளக்குகளோடு பழகியவர். ஆதலால் கேட்கிறேன்” என்று அன்பர் எழுதியிருக்கிறார்.

நான் பாலக்காட்டுப் பக்கத்து நிலையம் ஒன்றில் பயணச்சீட்டு எழுத்தர். விளக்குக் காட்டும் வேலை என்னுடையது அன்று. படித்ததும் பத்தாம் வகுப்பு வரையில்தான். எனினும் இக்கேள்விக்கு விடை சொல்லும் கடமை எனக்கு உண்டு. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் நிறத்தின் இயல்பைக் காண்போம்.

நிறக் கண்ணாடி ஒளிக்குப் புதிதாக ஒன்றையும் கொடுப்பதில்லை. வேறு நிறங்களைத் தடுத்துத் தன் நிறத்தை மட்டும் வெளியே விடுகிறது. கைகாட்டி மரங்களில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலத்துப் பச்சைக் கண்ணாடியைப் பகலில் கையில் எடுத்துப் பார்த்த பழைய ஊழியர்கள், அது நீலம் பாய்ந்திருக்கும் என்பார்கள். மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள் நிறமுடையது. அச்சுடர் அந்தக் கண்ணாடியைக் கடந்து வந்தபோதுதான் ஓட்டுநரின் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிந்தது. விளக்கும் கண்ணாடியும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பது இதனால் விளங்கும். இந்நாளைய வெள்ளை எல்.இ.டி. விளக்கில் நீலமும் மஞ்சளும் மிகுதி; ஆழ்ந்த சிவப்பு குறைவு. அதன்மேல் சிவப்புக் கண்ணாடியை மாட்டினால் ஒளியின் பெரும்பகுதி உள்ளேயே நின்றுவிடும். சிவப்பு ஒளி வேண்டுவோர் சிவப்பு எல்.இ.டி. உள்ள விளக்கையே வாங்குவது நலம். தொலைவு இருமடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகக் குறையும் என்பதையும் நினைவிற் கொள்க.

இனி விலங்கின் கண். மனிதக் கண்ணில் நிறமறியும் அணுக்கள் மூவகை. பன்றி, மான், மாடு ஆகியவற்றின் கண்ணில் இருவகையே உண்டு. சிவப்பு அவற்றுக்கு மங்கலாகவே தோன்றும். ஆகவே சிவப்பு விளக்கைக் கண்டு அவை எளிதில் மிரளமாட்டா. பச்சை ஒளியில் நம் கண் மிகக் கூர்மையாகப் பார்க்கும். ஆனால் அதை விலங்கும் நன்றாகவே காணும். மேலும், நம் கண் இருட்டுக்கு நன்கு பழக ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகிறது. வெள்ளை ஒளி சிறிது பட்டாலும் அப்பழக்கம் கெட்டுவிடும். மங்கிய சிவப்பொளி அவ்வளவாகக் கெடுப்பதில்லை. எனவே கடைக்காரர் அந்த இளைஞனிடம் சிவப்பைப் புகழ்ந்திருந்தால், அவர் சொன்னது பொய்யன்று.

ஆனால் அவர் சொல்லாமல் விட்டதும் உண்டு. சிவப்பொளியில் பச்சை இலை கறுத்துத் தெரியும். சிவப்புச் சேலையும் வெள்ளை வேட்டியும் ஒன்றுபோலத் தோன்றும். சருகில் கிடக்கும் பாம்பின் கோலம் மறைந்துவிடும். நம்மை விலங்கிடமிருந்து மறைக்கும் அந்த நிறமே, எதிரில் இருப்பது இன்னதென்பதை நம்மிடமிருந்தும் மறைத்துவிடுகிறது.

இதனினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. மாடு, ஆடு, மான், நாய், பூனை, சிறுத்தை ஆகியவற்றின் கண்ணுக்குப் பின்புறம் கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கிறது. உள்ளே சென்ற ஒளியை அது திருப்பி அனுப்புவதால், விளக்கொளி பட்டவுடன் அக்கண்கள் கனல் போல மின்னுகின்றன. இரவு வேட்டைக்காரர்கள் தேடுவது இந்த மின்னலைத்தான். அப்படலம் பன்றிக்கு இல்லை. மனிதனுக்கும் இல்லை.

அன்பர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பயிரைக் கெடுத்த பன்றியின் கண் அவ்வாறு மின்னாது. பக்கத்தில் நிற்கும் மனிதரின் கண்ணும் மின்னாது. மின்னுவது மானாக இருக்கலாம், சிறுத்தையாக இருக்கலாம், நம் வீட்டு நாயாகவும் இருக்கலாம்.

இதை நான் நூலைப் படித்து அறிவதற்கு முன்பே பட்டறிந்தேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு, உடும்பன்சோலைப் பக்கம் என் தாய்மாமன் வீட்டுக்கு விடுமுறைக்குச் சென்றிருந்தேன். அங்கும் பன்றித் தொல்லைதான். மாமன் யாரிடமோ ஒரு நாட்டுத் துப்பாக்கியை இரவல் வாங்கினார். ஐந்து பாட்டரி டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளை நூலால் கட்டி என் கையில் கொடுத்தார். நள்ளிரவுக்குமேல் ஓடைக்கரையில் சலசலப்புக் கேட்டது. விளக்கை அடித்தேன். இரண்டு கண்கள் மின்னின. “அசைக்காதே” என்றார் மாமன். வெடிச் சத்தம் கேட்டது. அந்தக் கண்கள் கீழே சாய்ந்தன. அடுத்த நொடி, அதே இடத்திலிருந்து ஒரு பெண்குரல் அலறியது.

பக்கத்து லயத்து அம்மாள் அவர். கணவனை இழந்தவர், ஒரு கறவைப் பசுவை வைத்துப் பிழைத்தவர். கட்டவிழ்ந்து ஓடிய பசுவைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். குளிருக்குக் கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்தியிருந்தார். பசுவின் கயிறு அவர் கையில் இருந்தது. கயிற்றின் நீளம் நாலு முழம்கூட இராது. என் விளக்கு பசுவின் கண்ணைக் காட்டியது. அந்த அம்மாளைக் காட்டவேயில்லை.

மாமன் அத்தையின் வளையலை விற்றுப் பசுவின் விலையைக் கொடுத்தார். அந்த அம்மாள் எங்களைத் திட்டவில்லை. மறுநாள் என்னிடம், “தம்பி, விளக்குப் பிடித்தது நீயா?” என்று மட்டும் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. இன்றும் நிலையத்து மேடையில் யாரேனும் டார்ச் அடித்தால் அக்குரல் என் காதில் விழுகிறது. விடை சொல்லும் கடமை எனக்கு உண்டு என்று மேலே எழுதியது இதனால்தான்.

எங்களுக்கு நேர்ந்தது பசுவோடு நின்றது. எல்லோருக்கும் அவ்வாறு நிற்பதில்லை. 2022-ஆம் ஆண்டில் இதே இடுக்கி மாவட்டத்தில், இரவு வேட்டைக்குச் சென்ற இளைஞர் ஒருவர் தம் கூட்டாளிகளின் குண்டுக்கே இரையானார். அஞ்சிய கூட்டாளிகள் உடலைக் காட்டிலேயே புதைத்தனர். பின்னர் அது வெளிப்பட்டது.

இனிச் சட்டம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றமாகும். கொல்வது மட்டுமன்று, துரத்துவதும், கண்ணி வைப்பதும், அவற்றுக்கு முயல்வதுங்கூட வேட்டையே. அச்சட்டம் 2022-இல் திருத்தப்பட்ட பின், பொதுவான குற்றத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் உண்டு. யானை, புலி, காட்டெருமை போன்ற முதற் பட்டியல் விலங்காயின் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. பயிரை அழிக்கும் பன்றியைக் கொல்ல அனுமதி அளிக்கும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022-இல் ஊராட்சித் தலைவர் முதலிய உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. உரிமம் பெற்ற துப்பாக்கி உடையவரே சுடலாம். நஞ்சு, வெடி, மின்சாரம் ஆகா. இவ்வதிகாரம் காலக்கெடுவோடு நீட்டிக்கப்படுவது. ஆதலின் இப்போதைய நிலையை ஊராட்சி அலுவலகத்தில் நேரில் கேட்டறிக. வாளையாற்றைக் கடந்தாலும் போடிமெட்டில் இறங்கினாலும் விதி வேறு. தமிழ்நாட்டில் 2025-இல் வந்த ஆணைப்படி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்த பன்றியையே சுடலாம். அதையும் வனத்துறையினர்தாம் சுட வேண்டும். நண்பனின் துப்பாக்கிக்கு இரு மாநிலத்திலும் இடமில்லை.

துப்பாக்கி வேண்டாம், வேலியில் மின்சாரம் பாய்ச்சிவிடலாம் என்று எண்ணுவோர்க்கும் ஒரு சொல். 2022 மே மாதத்தில் பாலக்காட்டை அடுத்த முட்டிக்குளங்கரையில் காவலர் இருவரும், 2023 செப்டம்பரில் கரிங்கரப்புள்ளியில் இளைஞர் இருவரும் பன்றிக்கு வைத்த மின்கம்பியில் சிக்கி இறந்தனர். கம்பிக்குப் பன்றியும் ஒன்றுதான், மனிதனும் ஒன்றுதான்.

அப்படியானால் விளக்கு எதற்கு என்று கேட்கலாம். காவலுக்கு, காண்பதற்கும் காணப்படுவதற்கும். அதற்கு ஏற்ற விளக்கைச் சொல்கிறேன்.

நடக்கும்போது நிறக் கண்ணாடி இல்லாத வெள்ளை விளக்கே வேண்டும். நெடுந்தூரம் எறியும் குறுகிய கதிரைவிட, காலடியையும் இருபுறத்தையும் காட்டும் அகன்ற ஒளியே காவலுக்குச் சிறந்தது. மலையில் பனிமூட்டம் இறங்கும்போது நெற்றி விளக்கு பயன்படாது. அதன் ஒளி கண்ணுக்கு அருகிலிருந்தே புறப்படுவதால், பனித்துளியில் பட்டுக் கண்ணிலேயே திரும்ப விழும். விளக்கை இடுப்புக்குக் கீழே தாழ்த்திப் பிடித்தால் பாதை தெரியும். சிவப்பு விளக்கு காவற்குடிலுக்குள் ஆகும். அதன் ஒளியில் கடிகாரம் பார்க்கலாம், தேநீர் ஊற்றிக்கொள்ளலாம். இருட்டுக்குப் பழகிய கண் கெடாது. தனியே செல்லற்க. குடிலை விட்டு இறங்குமுன் குரல் கொடுக்க. கறுப்புக் கம்பளியின் முதுகில் வெள்ளைத் துணிப்பட்டை ஒன்று தைத்துக்கொள்க. யானை எனத் தெரிந்தால் முகத்தில் ஒளி அடித்து நிற்க வேண்டா. விலகி வந்து வனத்துறைக்குச் செய்தி சொல்லுங்கள். பயிர் இழப்புக்கு வனத்துறையிடம் விண்ணப்பிக்கலாம். அட்சயா மையத்தில் எழுதித் தருவார்கள்.

எங்கள் இருப்புப் பாதையிலும் இரவுக் காவல் மாறி வருகிறது. 2021 நவம்பரில் வாளையாற்றுக்குக் கிழக்கே நவக்கரை அருகில் மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்தன. எஞ்சின் விளக்குக்கு ஒளி குறைவில்லை. ஆயினும் காப்பாற்ற முடியவில்லை. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டு வனத்துறை மதுக்கரைப் பகுதியில் கோபுரங்கள் நிறுத்தி, உடல் வெப்பத்தைக் கொண்டே யானையை அறியும் கருவிகளைப் பொருத்தியது. யானை பாதையை நெருங்கும்போதே செய்தி போய்விடுகிறது.

கடிதம் எழுதிய அன்பரே, தங்கள் மரவள்ளி போனது எனக்கும் வருத்தமே. மகனிடம் அந்த விளக்கைப் பறிக்க வேண்டா. மூன்று கண்ணாடிகளையும் கழற்றி வைத்துவிட்டு, வெள்ளை ஒளியோடு தங்களுடன் காவலுக்கு வரச் சொல்லுங்கள். ஊராட்சியில் மனுக் கொடுக்கவும் அவனையே அனுப்புங்கள். தன் விளக்கொளியில் இரண்டு கண்கள் மின்னும்போது, அவற்றின் பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு யாரேனும் நிற்கக்கூடும் என்பதை அவன் ஒருமுறை நினைத்தால் போதும்.