நிறுத்தத் தெரிந்தவரே ஓட்டத் தெரிந்தவர்



தை பிறந்துவிட்டால் எங்கள் குடவாசல் வட்டாரத்தில் இரவிலும் ஓசை அடங்குவதில்லை. சம்பா நெற்கதிர்கள் முற்றித் தலைசாய்ந்து நிற்கும். கும்பகோணம் சாலை வழியே லாரிகளின் மேல் ஏறி அறுவடை இயந்திரங்கள் வந்து இறங்கும். இறங்கியதும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். ஓர் எலுமிச்சம்பழத்தை அடியில் வைத்து நசுக்குவார்கள். பிறகு வண்டி வயலில் இறங்கும். முன்பு ஆள்படை ஒன்று நாள் முழுதும் குனிந்து செய்த வேலையை அது ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும்.

இவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று சக்கரங்களில் ஓடும் 'டயர் வண்டி'. மற்றொன்று இருபுறமும் அகன்ற ரப்பர் பட்டைகளின் மேல் ஊர்ந்து செல்லும் 'பெல்ட் வண்டி'. வயல் ஈரமாக இருந்தால் பெல்ட் வண்டிதான் வேண்டும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காரணம் என்ன?

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பெல்ட் வண்டியின் எடை 3,200 கிலோகிராம் என்று கொள்வோம். ஒவ்வொரு பட்டையும் 40 சென்டிமீட்டர் அகலமும் 160 சென்டிமீட்டர் நீளமும் தரையில் படிகிறது என்றால், இரண்டும் சேர்ந்து 12,800 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டரில் அழுந்தும் எடை கால் கிலோகிராம்தான். இனி 64 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் சேற்றில் ஒற்றைக் காலை ஊன்றுவதாக எண்ணுங்கள். பாதத்தின் பரப்பு 160 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.4 கிலோகிராம். மூன்று டன் வண்டியைவிட மனிதர்தான் ஆழமாகப் புதைவார்! அழுத்தம் என்பது எடையை மட்டும் பொறுத்ததன்று, அந்த எடை எவ்வளவு பரப்பில் பரவுகிறது என்பதையும் பொறுத்தது என ஒன்பதாம் வகுப்பில் படித்தீர்களே, அதுதான் இது.

இந்தத் தந்திரம் பிறந்ததும் எங்கள் ஊரைப் போன்ற ஒரு கழிமுக நிலத்தில்தான். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரை அடுத்த ஆற்றோர வயல்களில், கனத்த நீராவி டிராக்டர்கள் சேற்றில் புதைந்துகொண்டே இருந்தன. பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, தொடர்பட்டைகளைப் பூட்டி, 1904 நவம்பர் 24 அன்று அவ்வண்டியை வயலில் ஓட்டிப் பார்த்தார். வண்டி புதையவில்லை.

சேற்றுக்குப் பொருந்துவது பனிக்கும் பொருந்தும். கனடாவில் கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியர் என்ற மெக்கானிக்கின் இரண்டு வயது மகன் 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நோயுற்றான். சாலையெல்லாம் பனி மூடிக் கிடந்ததால் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இயலவில்லை. குழந்தை இறந்துவிட்டது. பனியில் ஓடும் வண்டி ஒன்றைச் செய்ய அவர் முன்னிலும் தீவிரமாக உழைத்தார். பற்சக்கரமும் ரப்பர் பட்டையும் கொண்ட தம் அமைப்புக்கு 1937-இல் காப்புரிமை பெற்றார். 1959-இல் ஒருவர் இருவர் ஏறிச்செல்லும் சிறிய பனிவண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஸ்னோமொபைல் எனப்படும் அவ்வகை வண்டிகளை இன்று காஷ்மீரத்தின் குல்மார்கிலும் காணலாம்.

குடவாசலில் பனி பெய்வதில்லை. இருந்தும் பனிவண்டியைப் பற்றி உங்களிடம் பேசுவதற்குக் காரணம் உண்டு. அந்நாடுகளில் பனிவண்டி ஓட்டக் கற்பவருக்கு முதலில் கற்பிப்பது, அதை எப்படி நிறுத்துவது என்பதே. எஞ்சினை முடுக்கும் முன் முடுக்கியை அழுத்தி விட்டுப் பார்க்க வேண்டும். அது தானே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். பிரேக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் ஓட்டுபவரின் சட்டையோடு ஒரு கயிறு இணைக்கப்படுகிறது. அவர் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும். எஞ்சின் அக்கணமே நின்றுவிடும். வண்டியின் பின்புறத்தைத் தூக்கி வைத்துப் பட்டையைச் சுழலவிட்டால், பின்னால் எவரும் நிற்கக் கூடாது; பட்டையில் ஒட்டிய பனிக்கட்டியும் கல்லும் தெறிக்கும். எஞ்சின் ஓடும்போது உள்ளிருக்கும் பெல்ட்டின் மூடியைத் திறக்கக் கூடாது.

இந்த விதிகளில் 'பனி' என்ற சொல்லை எடுத்துவிட்டுச் 'சேறு' என்று எழுதுங்கள். நம் வயலுக்கு அப்படியே பொருந்தும். ஆனால் நம் வயலில் இவற்றைக் கற்பிப்பவர் எத்தனை பேர்?

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைக் கூறுகிறேன். என் வகுப்பில் முதலாண்டு படித்த மாணவர் ஒருவர் பொங்கல் விடுமுறைக்குப் பின் மூன்று வாரம் கல்லூரிக்கு வரவில்லை. வந்தபோது இடக்கையில் கட்டு. விடுமுறையில் அறுவடை வண்டி ஒன்றில் உதவியாளாகப் போயிருக்கிறார். பனி ஈரத்தில் வைக்கோல் சுற்றிக்கொண்டு வண்டி அடைத்துவிட்டது. கதிரடிக்கும் உருளையின் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து வைக்கோலைப் பிடித்து இழுத்தார். இரண்டு விரல்களின் நுனிகள் போய்விட்டன.

அவ்வாண்டுத் தேர்வில் சுழலும் உருளையின் இயக்க ஆற்றலைக் காணும் கணக்கு வந்தது. அவர் அதைப் பிழையின்றிச் செய்திருந்தார். விடைத்தாளைத் திருத்திய எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. நான் கற்பித்த கணக்கில் ஒரு திண்ம உருளை இருந்தது. அது எங்கே சுழல்கிறது, எதற்காகச் சுழல்கிறது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் படித்த உருளையும் அவர் விரலைத் தின்ற உருளையும் ஒன்றே என்பதை அவருக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்?

அன்று முதல் அக்கணக்கை இவ்வாறுதான் நடத்துகிறேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். கதிரடிக்கும் உருளையின் விளிம்பில் 60 கிலோகிராம் இரும்பு இருப்பதாகக் கொள்வோம். ஆரம் 0.3 மீட்டர். நிமிடத்திற்கு 600 சுற்று, அதாவது நொடிக்கு 10 சுற்று. விளிம்பின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 18.8 மீட்டர், இது மணிக்கு 68 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பேருந்தின் வேகம். இயக்க ஆற்றல், நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கி வருவது, சுமார் 10,600 ஜூல். 60 கிலோகிராம் பாறை ஒன்றை 18 மீட்டர் உயரத் தென்னையின் உச்சியிலிருந்து விட்டால் தரையைத் தொடும்போது எவ்வளவு ஆற்றல் இருக்குமோ அவ்வளவு. இணைப்பைத் துண்டித்த உடனே இந்த ஆற்றல் எங்கே போகும்? உராய்வில் சிறிது சிறிதாகத்தான் செலவழியும். அதுவரை உருளை சுழன்றுகொண்டே இருக்கும். ஓசை குறைந்துவிட்டதே என்று நினைப்பது காதின் மயக்கம்.

"கை சிக்கினால் சட்டென்று இழுத்துக்கொள்வேன்" என்பார் சிலர். இதற்கும் கணக்கு உண்டு. கண் பார்த்து, மூளை அறிந்து, தசை அசைய ஏறக்குறைய கால் நொடி ஆகும். வைக்கோலை இழுக்கும் சங்கிலி நொடிக்கு ஒரு மீட்டர் ஓடினால்கூட, அந்தக் கால் நொடியில் 25 சென்டிமீட்டர் உள்ளே போயிருக்கும். அஃதாவது விரல் நுனியிலிருந்து மணிக்கட்டைத் தாண்டி. எவ்வளவு சுறுசுறுப்பான ஆளாயினும் இந்தப் போட்டியில் வெல்ல இயலாது.

ஆகவே என் கருத்து இதுதான். எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்து, சுழல்வன எல்லாம் நின்றதைக் கண்ணால் பார்த்த பின்னரே வண்டியில் கை வைக்க வேண்டும். இதற்கு விலக்கு எதுவும் இல்லை.

"வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறது, மழை வேறு வருகிறது, ஒவ்வொரு முறையும் நிறுத்திக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒரு முறை நிறுத்தி முடுக்க மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்குப் பத்து முறை அடைத்தால் அரை மணி நேரம். ஆனால் நாளுக்குப் பத்து முறை ஏன் அடைக்க வேண்டும்? பனி உலருமுன் கதிரை அறுக்கத் தொடங்கினால் அடைக்கும். கத்தி மழுங்கியிருந்தால் அடைக்கும். உள்ளே பெல்ட் தளர்ந்து உருளையின் வேகம் குறைந்தால் அடைக்கும். எனவே நல்ல பராமரிப்பு நேரத்தையும் காக்கிறது, விரலையும் காக்கிறது.

பராமரிப்பு என்றால் என்ன? வேலை முடிந்ததும் பற்சக்கரங்களிலும் உருளைகளிலும் அப்பிய சேற்றையும் வைக்கோலையும் கழுவ வேண்டும். காய்ந்துவிட்டால் அவை பட்டையை வெளியே தள்ளும். பட்டை தளர்ந்திருந்தால் பற்சக்கரம் பிடிவிட்டுத் தாவும். வண்டி திரும்பும்போது பட்டை கழன்றுவிடும். மிக இறுகியிருந்தால் பேரிங் தேயும். எஞ்சினின் ஆற்றல் வீணாகும். எவ்வளவு தொய்வு வேண்டும் என்பதை வண்டியோடு தரும் கையேட்டில் பார்த்தே சரிசெய்ய வேண்டும். புகைபோக்கியைச் சுற்றிச் சேரும் பதரை அகற்றாவிட்டால் தீப்பிடிக்கும். எஞ்சின் சூடாக இருக்கும்போது டீசல் ஊற்றுவதும் தீங்கே.

இன்னொன்று. கதிர் வெட்டும் முன்பகுதி எண்ணெயின் அழுத்தத்தால்தான் தூக்கி நிற்கிறது. பாஸ்கல் விதியை அறிந்த உங்களுக்கு இது புதிதன்று. குழாய் ஒன்று வெடித்தால் அழுத்தம் போய்விடும்; முன்பகுதி தொப்பென்று விழும். அதன் அடியில் நுழைபவர், பூட்டைப் போட்டு, கட்டையால் முட்டுக் கொடுத்த பிறகே நுழைய வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்புவதும் தவறு.

வண்டியை ஓட்டுவதிலும் இயற்பியல் உண்டு. நெல் தொட்டி நிறைந்தால் ஈர்ப்பு மையம் உயர்ந்துவிடும். அப்போது வரப்பைச் சாய்வாகக் கடந்தால் வண்டி கவிழலாம். நேராகவும் மெதுவாகவும் கடக்க வேண்டும். வாய்க்கால் கரை ஓரம் ஈரத்தில் சரியும். விலகியே ஓட்ட வேண்டும். நெல்லைக் கொட்டும் குழாயை உயர்த்துமுன் மேலே மின்கம்பி தொங்குகிறதா என்று அண்ணாந்து பார்க்க வேண்டும்.

கதிரடிக்கும் இயந்திரங்களில் கைகளை இழந்தோர் நம் நாட்டில் பலர். 1983-இல் நாடாளுமன்றம் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றி, அத்தகைய இயந்திரங்களின் பாதுகாப்புக்கும் காயமுற்றோரின் இழப்பீட்டுக்கும் வழி செய்தது. சட்டம் வேண்டியதே. ஆனால் நள்ளிரவில் வயல் நடுவே வைக்கோல் அடைத்து நிற்கும்போது சட்டப் புத்தகம் அருகில் இருக்காது. பழக்கம் ஒன்றுதான் அருகில் இருக்கும். அதைப் பள்ளியிலேயே உண்டாக்க வேண்டும். நெல் விளையும் ஊர்களின் பள்ளிகளில், அறுவடைக்கு முன் ஒரு நாள், இத்தகைய வண்டி ஒன்றை மைதானத்திற்கு வரவழைத்து, எஞ்சினை அணைத்த நிலையில் இயற்பியல் பாடம் நடத்தலாமே! பனிவண்டியில் உள்ள கயிற்றைப் போல, ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்தால் உருளையின் இணைப்பு தானே விடுபடும் அமைப்பு ஒவ்வோர் அறுவடை வண்டியிலும் இருக்க வேண்டும் என்று வாங்குபவர்களும் கேட்க வேண்டும்.

மாணவர்களே, உங்களுக்கு இரண்டு வேண்டுகோள். வண்டியை ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் இப்போது உங்கள் வேலையல்ல. கொக்குகளோடு சேர்ந்து வண்டியின் பின்னால் ஓடாதீர்கள். சிந்திய கதிரைப் பொறுக்கவோ வளையிலிருந்து ஓடும் எலியைத் துரத்தவோ அருகில் போகாதீர்கள். பின்னால் இருப்பவரை ஓட்டுநரால் காண முடியாது. வரப்பின் மேல் தொலைவில் நின்று பாருங்கள். அடுத்து, எஞ்சின் ஓடும்போது எவரேனும் உள்ளே கை விடப் பார்த்தால், அவர் அப்பாவாயினும் மாமாவாயினும், "நிறுத்திவிட்டுக் கை வையுங்கள்" என்று உரக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்குச் சொல்லலாமா என்று தயங்க வேண்டாம். கணக்குத் தெரிந்தவர் சொல்லத்தான் வேண்டும்.

திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடித்து இழுப்பவர் ஆயிரக்கணக்கானோர். ஆனால் தேர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பது, சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் சிலரால்தான். இப்போது திருச்சி பெல் நிறுவனம் பொருத்திய எண்ணெய் அழுத்தப் பிரேக்கும் அதற்கு உண்டு. நிறுத்த வழி செய்யாமல் நம் முன்னோர் தேரை நகர்த்தியதில்லை. வயலில் இறங்கும் வண்டிக்கு எலுமிச்சம்பழம் வையுங்கள், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அதோடு சாவியையும் கையில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.