ஆற்றில் போட்டாலும் அளந்து போடு!

2024-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி, உலகெங்கும் கம்ப்யூட்டர் திரைகள் நீலமாக மாறி உறைந்து நின்றன. விமானங்கள் ரத்தாயின. ஆஸ்பத்திரிகளில் வேலை தடைப்பட்டது. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுக் கொடுத்தார்கள்.

முடங்கியவை சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் என்று மைக்ரோசாப்ட் கணக்கிட்டது.

இது திருடன் செய்த வேலை அல்ல. திருடனைப் பிடிக்க வைத்த காவலாளியால் வந்த வினை!

உள்ளறை

கம்ப்யூட்டருக்குள் ஓர் உள்ளறை உண்டு. அதற்குக் "கெர்னல்" என்று பெயர். கடிதம் எழுதுவது, கணக்குப் போடுவது எல்லாம் வெளி அறையில் நடக்கும். அங்கே ஒரு புரோகிராம் கெட்டால் அது மட்டும் நிற்கும். உள்ளறையில் கோளாறு என்றால் கம்ப்யூட்டரே நின்றுவிடும்.

உள்ளறையில் வேலை செய்யும் புரோகிராம்களில் ஒரு வகைக்கு "டிரைவர்" என்று பெயர். என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பு அதற்கு வெளியில் இருந்து வருகிறது.

20-ம் 21-ம்

அமெரிக்காவின் கிரவுட்ஸ்டிரைக் கம்பெனியின் காவல் புரோகிராமும் இப்படி உள்ளறையில் டிரைவரை வைத்திருந்தது. அன்று அதற்குப் புதிய குறிப்பு போயிற்று. "21-வது தகவலைப் பார்" என்றது குறிப்பு. டிரைவர் கையில் இருந்ததோ 20 தான்! எண்ணிப் பார்க்காமல் எல்லை தாண்டிப் போய் 21-வதைத் தேடியது. கம்ப்யூட்டர் சாய்ந்தது.

78 நிமிடத்தில் குறிப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆனால் சாய்ந்த கம்ப்யூட்டர்கள் பலவற்றை ஆட்கள் நேரில் போய் ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டியிருந்தது.

யார் பொறுப்பு?

"அனுப்பும் முன்பே சோதித்திருக்கலாமே?" என்று கேட்கலாம். சோதித்தார்கள். சோதித்த புரோகிராமிலும் பிழை! அது "சரி" என்று விட்டுவிட்டது.

ஆகவே அனுப்புகிறவரை நம்பி இருப்பது போதாது. வாங்குகிற டிரைவரே சோதிக்க வேண்டும். சொந்தக் கம்பெனியின் குறிப்பு ஆயிற்றே என்று சலுகை காட்டக் கூடாது.

வழி என்ன?

1991-ல் பின்லாந்தில் பிறந்த லினக்சில் இதற்கு நல்ல முறை இருக்கிறது. குறிப்பை முதலில் உள்ளறைக்குள் நகல் எடுக்க வேண்டும். பிறகு அந்த நகலைச் சோதிக்க வேண்டும். அதன்படியே நடக்க வேண்டும். வெளியில் உள்ளதைச் சோதித்துவிட்டு மறுபடியும் அதையே படித்தால், இடையில் யாராவது மாற்றிவிடலாம் அல்லவா? தவறான குறிப்பு என்றால் "செல்லாது" என்று திருப்பி அனுப்ப வேண்டும். தானும் சேர்ந்து விழக் கூடாது.

கிரவுட்ஸ்டிரைக் கம்பெனியும் பிறகு எண்ணிப் பார்க்கும் சோதனையைச் சேர்த்தது. சிறிய சோதனைதான். முன்பே இருந்திருந்தால் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் தப்பியிருக்கும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். உள்ளே வாங்கும்போதும் அளந்துதான் வாங்க வேண்டும்!