துக்கத்துக்கு ஓர் அளவு

அரிசியை அளப்பதற்குப் படி இருக்கிறது. துணியை அளப்பதற்கு முழம் இருக்கிறது. துக்கத்தை அளப்பதற்கு என்ன இருக்கிறது என்று நாம் கேட்டால், நேயர்கள் நம்மைச் சற்று ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். ஆனால் யூத சமயத்துப் பெரியோர்கள் துக்கத்தையும் அளந்து வைத்திருக்கிறார்கள். அழுவதற்கு 3 நாள். வீட்டோடு அமர்ந்து துக்கம் காப்பதற்கு 7 நாள். தலைமயிர் களையாமலும் துவைத்து மடித்த ஆடை உடுக்காமலும் இருப்பதற்கு 30 நாள். தாய் தந்தையர் இறந்தால் மட்டும் 12 மாதம்.

இதைப் படித்ததும் நமக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. பெற்றோருக்கு ஒரு வருஷம், வாழ்க்கைத் துணைக்கு ஒரு மாதந்தானா? இன்ப துன்பங்களில் பாதியை ஏற்று நடந்தவள் போய்விட்டால், முப்பத்தோராம் நாள் காலையில் க்ஷவரம் செய்துகொண்டு வேலைக்குக் கிளம்பிவிட வேண்டியதுதானா? யூத ஞானிகள் இல்லறத்தின் அருமையை அறியாதவர்கள் என்று சொல்வதற்கில்லை. இளமையில் கைப்பிடித்த மனைவியை இழந்தவனுக்குத் தேவாலயமே இடிந்தது போலாகும் என்றும், அவனுக்கு உலகம் இருண்டு நடை தளரும் என்றும் தால்மூத் என்னும் பெருநூலில் அவர்களே கூறியிருக்கிறார்கள். ஆடவன் இறந்தால் உண்மையில் இழப்பு மனைவிக்கே, மனைவி இறந்தால் இழப்பு கணவனுக்கே என்பதும் அவர்கள் கருத்துத்தான். அப்படியிருக்க, இந்த அளவு ஏன்?

அந்தத் துக்கம் நடைபெறும் முறையை முதலில் பார்ப்போம். கூடிய விரைவில் அடக்கம் செய்துவிடுகிறார்கள். செல்வனாயினும் ஏழையாயினும் எளிய வெள்ளைத் துணிதான். ஏழைகள் வெட்கப்படக் கூடாதென்று, கமாலியேல் என்ற பெரியவர் தமக்கே எளிய துணி போதுமென்று சொல்லிப் பிறருக்கு வழி காட்டினாராம். துக்கத்துக்குரியவர் நின்றபடியே தம் மேலாடையைக் கிழித்துக்கொள்கிறார். பெற்றோருக்காயின் இதயத்தின் மேலுள்ள இடப்பக்கத்தில். மனைவிக்கோ கணவனுக்கோ ஆயின் வலப்பக்கத்தில். அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் உண்ணும் முதல் உணவு அவர் வீட்டுச் சமையலாக இருத்தல் கூடாது. அண்டை அயலார் கொண்டுவர வேண்டும். அதில் முட்டையும் பருப்பு வகையும் இருக்கும். பருப்புக்கு வாய் இல்லை. துக்கப்படுகிறவனுக்கும் வாய் இல்லை என்பது அதற்குச் சொல்லும் காரணம்.

பிறகு ஏழு நாள் தாழ்ந்த ஆசனத்தில் அமர்ந்திருக்கிறார்கள். தோல் செருப்பு அணிவதில்லை. வீட்டுக் கண்ணாடிகளைத் துணியால் மூடிவைப்பதும் வழக்கம். கணவனுக்கும் மனைவிக்கும் இதில் விதி ஒன்றே என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். கைம்பெண்ணுக்கென்று வாழ்நாள் முழுவதற்குமான துக்கக் கோலம் ஒன்றை அந்த விதி வகுக்கவில்லை. அவள் மூன்று மாதம் கழித்து மறுமணம் செய்துகொள்ளலாம். மனைவியை இழந்தவனோ மூன்று பெரும் பண்டிகைகள் கடந்துபோகும் வரையில் காத்திருக்க வேண்டும். தாயற்ற சிறு குழந்தைகள் இருந்தாலன்றி அவன் அவசரப்படுவதற்கில்லை.

இந்த விதிகளில் பல எங்கிருந்து பிறந்தன என்பது நம்மைத் திடுக்கிட வைத்த விஷயம். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாபிலோன் தேசத்தில் சிறைப்பட்ட ஜனங்களோடு எசேக்கியேல் என்ற தீர்க்கதரிசி வாழ்ந்தார். எருசலேம் நகரம் முற்றுகையிடப்பட்ட காலத்தில் அவருடைய மனைவி ஒரு மாலைப் பொழுதில் இறந்துபோனார். ஆனால் அழக் கூடாதென்று அவருக்குத் தெய்வ ஆணை. தலைப்பாகையை அவிழ்க்கக் கூடாது. செருப்பைக் கழற்றக் கூடாது. அயலார் கொண்டுவரும் உணவை உண்ணக் கூடாது. வரப்போகும் பேரழிவுக்கு அவரையே ஓர் அடையாளமாகக் காட்டுவதற்காக இப்படி விதிக்கப்பட்டது. அவருக்கு விலக்கப்பட்டவை பிறர்க்கு உரியவை என்று பிற்காலத்து ஞானிகள் கொண்டார்கள். செருப்பின்றி இருப்பதும், அயலார் தரும் உணவும் இவ்வாறே விதியாயின. துக்கம் காக்கும் முறையை ஒரு சமூகம் முழுவதும், மனைவிக்காகத் துக்கம் காக்க இயலாமற்போன ஒரு கணவனிடமிருந்து கற்றுக்கொண்டிருக்கிறது!

ஜெர்மனியில் ரைன் நதிக் கரையிலுள்ள வோர்ம்ஸ் நகரில் எலெயாசார் என்ற பேரறிஞர் இருந்தார். அவருடைய மனைவி டுல்சியா அம்மையார். கணவர் நூல்களில் மூழ்கியிருக்க, கொடுக்கல் வாங்கல் நடத்திக் குடும்பத்தையும், வீட்டில் தங்கிப் படித்த மாணாக்கர்களையும் காப்பாற்றியவர் அந்த அம்மையாரே. 1196ஆம் வருஷக் கடைசியில் ஓர் இரவு, ஆயுதம் தாங்கிய இருவர் வீட்டினுள் புகுந்து தாக்கினார்கள். பெலட் என்ற பதின்மூன்று வயதுப் பெண்ணும், ஹன்னா என்ற ஆறு வயதுப் பெண்ணும் மாண்டார்கள். படுகாயமுற்ற தாயோ உதவி தேடித் தெருவுக்கு ஓடி, அங்கே உயிர் துறந்தார். அவர் ஓடியதனால்தான் கணவரும் மற்றவர்களும் பிழைத்தார்கள்.

எலெயாசாரும் முப்பது நாளுக்குரிய விதிக்கு உட்பட்டவர்தாம். ஆனால் பிறகு அவர் எழுதுகோலை எடுத்தார். நீதிமொழிகள் என்னும் வேதப் பகுதியின் முடிவில், நல்ல மனைவியைப் புகழும் 22 வாக்கியங்கள் எபிரேய நெடுங்கணக்கின் வரிசைப்படி அமைந்துள்ளன. இக்காலத்து யூத இல்லங்களில் வெள்ளிக்கிழமை இரவு கணவன் மனைவியை நோக்கிப் பாடுவது அதைத்தான். அதை அடியொற்றி எலெயாசார் தம் மனைவிக்கு ஓர் இரங்கற் பா இயற்றினார். வேதச் சுருள்களைத் தைப்பதற்கு அவர் நூல் நூற்றதும், ஏறக்குறைய நாற்பது சுருள்களைத் தைத்ததும், ஊர் ஊராகப் பெண்களுக்குப் பிரார்த்தனை கற்பித்ததும், மணப்பெண்களை அலங்கரித்ததும், இறந்தவர்களை நீராட்டிப் பிணத்துணி தைத்ததும் அதில் வருகின்றன. மகள்களுக்கும் தனித்தனியே பாடியிருக்கிறார். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், அந்த அம்மையார் என்ன செய்தார் என்பதை நாம் அறிவது இதனால்தான். வோர்ம்ஸ் நகரத்து ஜெபாலயம் 1938இல் நாஜிகளால் எரிக்கப்பட்டு, 1961இல் மீண்டும் எழுந்தது. அங்கே பெண்களுக்கென்று தனி மண்டபம் கட்டியது 1212-13இல். டுல்சியா அம்மையார் அதைக் காணவில்லை.

இப்போது நம் சந்தேகத்துக்கு நாம் கண்ட விடையைச் சொல்லிவிடலாம். பெற்றோருக்குரிய 12 மாதம், அவர்களைக் கனம்பண்ண வேண்டுமென்ற கட்டளையினால் வந்த கடன், அன்பின் அளவன்று. விதி அளப்பது தாடியையும் உடையையும் ஆசனத்தையுமேயன்றி நெஞ்சையன்று. எலெயாசாரின் காலத்திலேயே எகிப்தில் வாழ்ந்து 1204இல் காலமான மைமோனிடிஸ், துக்கம் காக்காதவனைக் கொடியவன் என்றார். உலக இயல்பாகிய மரணத்துக்காக அளவு மீறி வருந்துகிறவனை அறிவிலி என்றார். அவர் வைத்தியரும்கூட. முப்பதாம் நாளுக்குப் பின் அந்த மனிதன் எழுந்து உலாவ வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். மறக்க வேண்டும் என்பதன்று.

இன்னொரு விதி இருக்கிறது. அது நம்மைச் சுட்டது. துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள், துக்கப்படுகிறவர் வாய் திறக்கும் வரையில் தாங்கள் வாய் திறத்தல் கூடாது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் மௌனமாக அமர்ந்திருந்ததை இதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். சில வருஷங்களுக்கு முன் நம் நண்பரொருவர், அவரும் உபாத்தியாயர், மனைவியை இழந்தார். நாம் போய், உடம்பு நிலையற்றது, ஆத்மா அழிவற்றது என்று அரைமணி நேரம் உபந்யாசம் செய்தோம். அவர் தலையை அசைத்துக்கொண்டே இருந்தார். நாம் எழுந்தபோது, "அவள் இருந்தால் உங்களைக் காபி சாப்பிடாமல் அனுப்பமாட்டாள்" என்றார். அன்று அவர் பேசியது அவ்வளவுதான். அதற்கும் நாம் இடம் கொடுத்தது வாசற்படியில்தான்.

அடுத்த முறை அத்தகைய வீட்டுக்குப் போக நேர்ந்தால், சும்மா உட்கார்ந்திருப்பதென்று உத்தேசித்திருக்கிறோம். உபாத்தியாயர்களுக்கு அது சுலபமான காரியமன்று. ஆயினும் முயன்று பார்ப்போம்.