சம்பளத்தில் பிடிக்கும் பணம் யாருடையது?

பினாங்கில் படிப்பை முடிக்கும் நம் பிள்ளைகள் பலர் பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்சாலைகளிலோ அரசாங்கத் துறைகளிலோ முதல் வேலைக்குப் போகிறார்கள். சேர்ந்த கொஞ்ச நாளில் ஒரு பாரம் கைக்கு வரலாம். கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்தால் கடன், பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, மரண சகாய நிதி எல்லாம் உண்டு. மாதச் சந்தாவைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்பார்கள். படிக்காமலே கையெழுத்துப் போடுபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ஐ.நா. 2012-க்குப் பிறகு இரண்டாம் முறையாக 2025-ஐ அனைத்துலகக் கூட்டுறவு ஆண்டாக அறிவித்தது. அதையொட்டியாவது இதைப் பேசிவிடுவோம்.

ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் சட்டம் தரும் உரிமை. அவற்றுக்கு முதலாளியும் சந்தா கட்டியாக வேண்டும். கூட்டுறவுச் சலுகைகள் அப்படியல்ல. உறுப்பினர்கள் போட்ட பங்குப் பணம், சேமிப்பு, கடனுக்குக் கட்டும் வட்டி, சங்கத்தின் முதலீட்டு வருமானம் ஆகியவற்றிலிருந்துதான் அந்த உதவிகள் வருகின்றன. யாரோ கொடுக்கும் இனாம் என்று நினைத்தால் கணக்குக் கேட்கத் தோன்றாது.

இதன் பலத்தை அறிய நம் சமூகத்திலேயே சான்று இருக்கிறது. சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி விற்றதால் தொழிலாளர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தார்கள். அப்போது அமைச்சராகவும் ம.இ.கா. தலைவராகவும் இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டச் சொன்னார். பால்மரம் சீவியவர்களுக்கு அன்று பத்து வெள்ளி பெரிய காசு. அந்தப் பணத்தில்தான் பக்கத்து மாநிலமான கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அதுவே சங்கத்தின் முதல் தோட்டம். பிற்காலத்தில் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி வழங்கவும் அந்தச் சேமிப்பே அடித்தளம்.

மறுபக்கமும் உண்டு. 1986-இல் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டன. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பணம் மாட்டிக்கொண்டது. நிர்வாகிகள் பணத்தை எங்கே முதலீடு செய்தார்கள் என்று உறுப்பினர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. இன்று மலேசியக் கூட்டுறவு ஆணையம் கண்காணிக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் வங்கி வைப்புத்தொகைக்கு 250,000 ரிங்கிட் வரை பி.ஐ.டி.எம். தரும் பாதுகாப்பு கூட்டுறவுச் சங்கச் சேமிப்புக்குக் கிடையாது. சலுகைகளை விளக்கும் கையேட்டில் இந்த வரியைத் தேடினால் கிடைக்காது!

இடைநிலைப்பள்ளி மாணவர்களே, உங்கள் பள்ளிக் கூட்டுறவுக் கடையில் பங்கு வாங்கியிருந்தால் நீங்களும் உறுப்பினர்தான். ஒரு பங்கு வைத்திருந்தாலும் நூறு பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டுதான். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் சாப்பாட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நழுவாமல், கணக்கறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். எவ்வளவு லாபம், அது எதற்குப் போனது என்று எழுந்து கேளுங்கள். அங்கே பழகிய வாய்தான் நாளை வேலையிடத்தில் அந்தப் பாரம் வரும்போதும் கேட்கும்: கடனை முடிக்கும்போது மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன்? வேலையை விட்டால் என் பங்குப் பணம் எப்போது திரும்பக் கிடைக்கும்? போன ஆண்டுக் கணக்கறிக்கையைக் காட்டுவீர்களா?