பச்சை நீரும் மீனவர் ஜீவனமும்: சானமாவிலிருந்து ஒரு நிலைப்பாடு

சமுத்திரத்தைக் கண்ணால் காணாமலே ஆயுளைக் கழித்துவிடுகிறவர்கள் மிகுந்த, ஓசூரை அடுத்த சானமாவுப் பிரதேசத்திலிருந்து, யானை ராகிக் கொல்லையில் இறங்கியதைப் பற்றியல்லாமல் கடல் மீனவரின் நஷ்டத்தைப் பற்றி எமது சங்கம் பேச முற்படுவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆயினும், பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து வரும் சாக்கடையைச் சுமந்து, கெலவரப்பள்ளி மதகில் நுரை கக்கி, கிருஷ்ணகிரி அணையில் பச்சையாகத் தேங்கி, கடலூரருகே வங்கக் கடலில் சேருகிற தென்பெண்ணையை அண்டி வாழும் எங்களுக்கு அந்த நஷ்டம் அந்நியமானதன்று.

அணையில் பாசி மண்டிய நாட்களில், பரிசலில் போகிறவர் வலையை இழுத்தால் கண்ணிகளெல்லாம் பச்சைக் குழம்பு அப்பியிருக்கும். அதை அலசி உதறுவதற்குள் வெயில் ஏறிவிடும். பகலில் பிராணவாயுவை விடுகிற பாசியே இரவெல்லாம் அதை உறிஞ்சிவிடுவதால், விடியும் வேளையில் ஜிலேபிக் கெண்டைகள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து தவிக்கும். பிழைத்த மீனின் சதையிலும் சேற்று வாடை ஏறிவிட்டால் அதை வாங்குவார் யார்?

இதே துன்பத்தின் பெரிய ரூபத்தை 2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் கரைகள் கண்டன. மீனவர் பூங்கோரை என்றும் விஞ்ஞானிகள் நாக்டிலூக்கா என்றும் அழைக்கும் நுண்ணுயிர் பெருகிக் கடலைப் பச்சையாக்கியது. நீரில் பிராணவாயு குன்றி மீன்கள் செத்துக் கரையொதுங்கின. 2008-லும் மன்னார் வளைகுடா இதைக் கண்டதுண்டு. எங்கள் ஆற்று நீர்தான் அங்கே போய் அதைச் செய்தது என்று நாங்கள் சொல்லவில்லை. அது பூகோளத்துக்கே பொருந்தாது. மண்ணிலிருந்து வடியும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் அணையிலும் கடலிலும் பாசிக்கு ஒருங்கே உரமாகின்றன என்பதே எம் வாதம்.

மத்திய அரசின் பேரிடர் நிவாரணப் பட்டியலில் புயலும் வெள்ளமும் மட்டுமன்றிப் பூச்சித் தாக்குதலும் இடம்பெற்றிருக்கிறது. பயிரைப் புழு தின்றால் பேரிடர், மீனைப் பாசி கொன்றால் மீனவனின் தலைவிதி என்பது என்ன நியாயம்? பாசிப் பெருக்கையும் அப்பட்டியலில் சேர்த்து, கடல் மீனவர், அணை மீனவர் என்ற பேதமின்றி நிவாரணம் வழங்க வேண்டுமென்பது எமது சங்கத்தின் திடமான அபிப்பிராயம். ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் செயற்கைக்கோள் வழியே பாசிப் பெருக்கைக் கண்டு வெளியிடும் அறிவிப்பு, படகு புறப்படுமுன் துறைமுகத்து ஒலிபெருக்கியில் தமிழில் ஒலிக்க வேண்டும்.

நிவாரணத்தோடு மாசின் மூலத்தையும் கவனிக்க வேண்டும். ஆற்றைக் கெடுத்ததற்குக் கர்நாடகத்தை மட்டும் குறை கூறி, வளர்ந்துவிட்ட ஓசூரின் சாக்கடையைப் பற்றி மௌனம் சாதிப்பது எமக்குச் சம்மதமில்லை. மாநில எல்லையிலும், ஓசூரைத் தாண்டியபின்னும், அணையிலும் ஆக மூன்றிடங்களில் மாதந்தோறும் நீரெடுத்துச் சோதித்து, நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகிய இரண்டு சத்துக்களின் அளவையும் பரிசல் கட்டும் துறையிலேயே பலகையில் எழுதி வைக்க வேண்டுமெனக் கோருகிறோம்.