டோநட் கெட்டவன், பிரெட் நல்லவனா?

எங்க லேக் கார்டன்ஸ் பக்கம் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் சாப்பாட்டு விஷயத்தில் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். குழந்தை மாலில் டோநட் கேட்டால், "ஐயோ, ஒரே சர்க்கரை, ஒரே எண்ணெய், வேண்டவே வேண்டாம்!" மறுநாள் காலையில் அதே குழந்தையின் டிபன் டப்பாவில் வெள்ளை பிரெட், வெண்ணெய், ஜாம். அது "சிம்பிள் டிபன்". அதே வீட்டுத் தாத்தாவுக்கு சர்க்கரை வியாதி. அவருக்கு ராத்திரி பலகாரம் நாலு ஸ்லைஸ் பிரெட், பாலில் தோய்த்து. கேட்டால், "லைட்டா இருக்கட்டுமேன்னுதான்."

இந்த "லைட்டா" என்ற வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை.

டோநட்டுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அது எண்ணெயில் பொரித்து சர்க்கரைப் பாகில் குளித்த மைதா. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதன் முகத்திலேயே அது எழுதியிருக்கிறது. பளபளவென்று உட்கார்ந்து "நான் இனிப்பு" என்று சொல்லிவிடுகிறது. அதனால் மாதத்துக்கு ஒரு தடவை, பிறந்தநாள் என்றால் இரண்டு தடவை. வெள்ளை பிரெட் அப்படி இல்லை. சாதுவாக முகத்தை வைத்துக்கொண்டு வாரத்தில் ஐந்து நாள் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. என் கட்சி இதுதான்: இந்த இரண்டில் நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது டோநட்டை அல்ல, பிரெட்டை.

ஊரை விட்டு வந்தவர்களுக்கு பிரெட் மேல் ஒரு தனிப் பாசம் உண்டு. காரணம் சுலபம். கல்கத்தாவில் டிசம்பர், ஜனவரி வந்தால் இட்லி மாவு பொங்காது. போர்வை போர்த்தி வைத்தாலும் கல் மாதிரி கிடக்கும். லேக் மார்க்கெட் போனால் வாழை இலை, காபிப் பொடி, மாவு எல்லாம் கிடைக்கும்தான். ஆனால் காலை ஆறே முக்காலுக்கு ஸ்கூல் பஸ் வாசலில் நிற்கும்போது யார் லேக் மார்க்கெட் போவது? தெருமுனைக் கடையில் பாவுரொட்டி இருக்கிறது. வாங்கினோமா, தடவினோமா, டப்பாவை மூடினோமா, முடிந்தது. துபாயிலும் டல்லாஸிலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன்.

(இடையில் ஒரு தகவல். வங்காளிகள் சொல்லும் "பாவுரொட்டி"யில் "பாவு" என்பது போர்ச்சுக்கீசியரின் "பாவ்". அந்த மொழியில் அதற்கு அர்த்தமே ரொட்டிதான். ஆக பாவுரொட்டி என்றால் ரொட்டி ரொட்டி. நம்ம "நடு சென்டர்" மாதிரி :-))

இன்னொரு காரணம், ஜுரம். நம் தலைமுறையில் பாதிப் பேருக்கு பிரெட் அறிமுகமானதே ஜுரத்தில்தான். "ரெண்டு நாளைக்கு பிரெட்டும் பாலும் கொடுங்க" என்று டாக்டர் சொல்வார். நோயாளிக்கே கொடுக்கிறார்கள் என்றால் நல்லதாகத்தானே இருக்க வேண்டும்? இந்த லாஜிக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. நோயாளிக்குக் கொடுத்தது சத்துக்காக இல்லை, சீக்கிரம் ஜீரணமாகும் என்பதற்காக. சீக்கிரம் ஜீரணமாகும் என்றால் சீக்கிரம் ரத்தத்தில் சர்க்கரையாக ஏறும் என்று அர்த்தம். ஜுரக்காரனுக்கு வரமாக இருப்பது சர்க்கரைக்காரருக்கு வினை.

அரசாங்கமும் பிரெட்டுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. 1965-ல் மத்திய அரசு மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. அரிசிப் பஞ்சமும் அமெரிக்கக் கோதுமைக் கப்பலும் இருந்த காலம். வைட்டமின் சேர்த்த ரொட்டி என்று அது விற்கப்பட்டது. அன்றைக்கு அது நியாயமான காரியம். 2000-ல் அந்த நிறுவனம் இந்துஸ்தான் லீவருக்குப் போய், பிறகு வேறு கைகளுக்கும் மாறிவிட்டது. ஆனால் "பிரெட் என்றால் சத்து" என்ற நினைப்பு மட்டும் நம் வீடுகளில் அப்படியே தங்கிவிட்டது.

சரி, கணக்குக்கு வருவோம்.

அமெரிக்க விவசாயத் துறையின் உணவு அட்டவணைப்படி 100 கிராம் வெள்ளை பிரெட்டில் சுமார் 265 கலோரி. மாவுச்சத்து 49 கிராம், புரதம் 9, கொழுப்பு 3, சர்க்கரை 5. பாகு தடவிய டோநட் 100 கிராமில் சுமார் 420 கலோரி. மாவுச்சத்து கிட்டத்தட்ட அதே 50 கிராம். ஆனால் கொழுப்பு 23, சர்க்கரை 20-ஐ ஒட்டி, புரதம் 6. இந்த மட்டில் பிரெட்தான் ஜெயிக்கிறது. சந்தேகமே வேண்டாம்.

ஆனால் யாரும் வெறும் பிரெட்டை 100 கிராம் நிறுத்துச் சாப்பிடுவதில்லையே. டிபன் டப்பாவைத் திறந்து பாருங்கள். ஒரு ஸ்லைஸ் 25 கிராம் என்று வையுங்கள். இரண்டு ஸ்லைஸ், இரண்டிலும் ஒரு டீஸ்பூன் வெண்ணெய், ஒரு டீஸ்பூன் ஜாம். ஜாமில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். கூட்டினால் சுமார் 240 கலோரி, கொழுப்பு 9 கிராம், சர்க்கரை 11 அல்லது 12 கிராம், புரதம் 4, 5 கிராம். இப்போது 60 கிராம் எடையுள்ள ஒரு டோநட்: சுமார் 250 கலோரி, கொழுப்பு 13, 14 கிராம், சர்க்கரை 12 கிராம், புரதம் 3, 4 கிராம்.

பக்கத்து பக்கத்து வீடு! கொழுப்பில் கொஞ்சம் வித்தியாசம், மற்றதெல்லாம் ஏறத்தாழ ஒன்று. ஒன்றை "ஜங்க்" என்கிறோம், இன்னொன்றை "டிபன்" என்கிறோம்.

அடுத்தது தாத்தா விஷயம். கிளைசெமிக் இண்டெக்ஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்ற அளவு. குளுக்கோஸுக்கு 100. வெள்ளை பிரெட் 75-ஐ ஒட்டி. டோநட்? சர்வதேச அட்டவணையில் 76. டோநட்டில் இருக்கும் கொழுப்பு ஜீரணத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்துவதால் அவ்வளவு சர்க்கரை இருந்தும் அதற்கு மேல் ஏறுவதில்லை. (அதற்காக கொழுப்பு நல்லது என்று கிளம்பிவிடாதீர்கள்.) இந்தச் சோதனையில் ஆட்களுக்குக் கொடுப்பது வழக்கமாக 50 கிராம் மாவுச்சத்து உள்ள அளவு. நாலு ஸ்லைஸ் பிரெட்டில் இருப்பதும் ஏறக்குறைய அதுதான். அதாவது தாத்தாவின் ராத்திரி பலகாரமும் ஆராய்ச்சிக்கூடத்தில் கொடுக்கும் அளவும் ஒன்று! தினமும் ராத்திரி அவர் மேல் ஒரு சோதனை நடக்கிறது, ரிசல்ட்டை மட்டும் யாரும் எழுதி வைப்பதில்லை.

இது விளையாட்டு இல்லை. சென்னையில் இருக்கும் மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரை வியாதி, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். அந்த வாசலில் நிற்பவர்களில் பலருக்குத் தாங்கள் நிற்பதே தெரியாது. அவர்களிடம் டோநட் சாப்பிடாதே என்றால் "நான் எங்கே சாப்பிட்டேன்?" என்பார்கள். உண்மைதான். பிரெட்டைப் பற்றி அவர்களிடம் யாரும் கேட்கவே இல்லையே.

வயிறு நிறைவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 1995-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் குழுவினர் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து, இரண்டு மணி நேரம் பசி எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். வெள்ளை பிரெட்டுக்கு 100 மார்க் என்று வைத்துக்கொண்டார்கள். டோநட்டுக்கு 68. முழுக்கோதுமை பிரெட்டுக்கு 157. முட்டைக்கு 150. முதலிடம் யாருக்குத் தெரியுமா? வேகவைத்த உருளைக்கிழங்கு, 323. எதிலும் ஆலு போடும் வங்காளி சிரிப்பது கேட்கிறது :-) இதிலும் டோநட்டை பிரெட் ஜெயித்ததுதான். ஆனால் பட்டியலில் வெள்ளை பிரெட்டும் கீழ்ப்பாதியில்தான் நிற்கிறது. பதினோரு மணிக்கே பிள்ளை பசி என்று பிஸ்கட் தேடுவதன் ரகசியம் இதில் இருக்கிறது.

"அப்போ பிரவுன் பிரெட் வாங்கினால் சரியாப் போச்சா?" என்று கேட்பீர்கள். நிறத்தை நம்பாதீர்கள். பாக்கெட்டைத் திருப்பி சின்ன எழுத்தைப் படியுங்கள். முதலில் இருப்பது மைதாவா, முழுக்கோதுமை மாவா? 150 என்ற எண் தென்பட்டால் அது கேரமல் சாயம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் கோதுமை மாவில் நார்ச்சத்து 11 கிராம், மைதாவில் 3 கிராம்கூட இல்லை. அந்த வித்தியாசத்தைச் சாயம் பூசி ஈடு கட்ட முடியாது. சின்ன எழுத்து எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு உதாரணம்: ரொட்டி உப்பலாக வருவதற்காகப் போட்ட பொட்டாசியம் புரோமேட்டை, புற்றுநோய் சந்தேகத்தால், 2016-ல்தான் நம் நாட்டில் தடை செய்தார்கள். அதுவரை அதுவும் நம் "சிம்பிள் டிபனில்" சட்டப்படி இருக்கலாம்.

பிரெட்டை வீட்டை விட்டே துரத்தச் சொல்கிறேனா? இல்லை. டோநட்டுக்கும் பிரெட்டுக்கும் உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. டோநட்டைத் திருத்த முடியாது. அதன் சர்க்கரையும் எண்ணெயும் அதோடு கலந்துவிட்டவை. பிரெட்டைத் திருத்தலாம். கூட என்ன வருகிறது என்பதுதான் கேள்வி.

இதைக் கல்கத்தாக்காரன் நமக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டான். ரோட்டோரக் கடையில் கூலித் தொழிலாளி என்ன சாப்பிடுகிறார் பாருங்கள். பாவுரொட்டியும் குக்னியும். குக்னி என்றால் காய்ந்த பட்டாணியை வேகவைத்து மசாலா போட்டது. புரதமும் நார்ச்சத்தும் அதில் வந்துவிடுகிறது. எஸ்பிளனேட் பக்கம் டெக்கர்ஸ் லேனில் ஆபீஸ்காரர்கள் டோஸ்ட்டோடு காய்கறி போட்ட சிக்கன் ஸ்டூ சாப்பிடுகிறார்கள். டீக்கடையில் முட்டை டோஸ்ட். இவர்கள் யாரும் பிரெட்டைத் தனியாக விடுவதில்லை. ஏ.சி. பஸ்ஸில் போகும் நம் பிள்ளையின் ஜாம் பிரெட்டைவிட அந்தக் கூலித் தொழிலாளியின் தட்டு சத்தானது. இதைச் சொன்னால் சில மாமிகளுக்குக் கோபம் வரும். வரட்டும்.

நம்ம ஊர் இட்லியும் வெள்ளை அரிசிதான், யோக்கியம் பேச முடியாது. ஆனால் அதில் உளுந்து இருக்கிறது, பக்கத்தில் பருப்புப் போட்ட சாம்பார் வருகிறது. அதே மாதிரி ஓட்டை போட்டு எண்ணெயில் பொரிப்பதால் மெதுவடை டோநட் ஆகிவிடாது. மாவு வேறு. உளுத்தம்பருப்பில் 100-க்கு 23 கிராம் புரதம், மைதாவில் 10. உருவத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது என்பது வடைக்கும் பொருந்தும், பிரெட்டுக்கும் பொருந்தும்.

ஆகவே மக்களே, என் யோசனை மூன்று. டோநட்டை இனிப்பு என்று வையுங்கள். மைசூர்பாகு மாதிரி எப்போதாவது ஒன்று, சந்தோஷமாக, திட்டு வாங்காமல் பிள்ளை சாப்பிடட்டும். பிரெட் போகிற நாளில் கூடவே முட்டையோ சுண்டலோ பட்டாணி மசாலாவோ போகட்டும், ஜாம் பாட்டில் மேல் தட்டுக்கு ஏறட்டும். தாத்தாவுக்கு ராத்திரி "லைட்டா" வேண்டுமென்றால் இரண்டு கோதுமை சப்பாத்தி, நிறைய காய், கொஞ்சம் பருப்பு. செய்ய இருபது நிமிஷம் கூடுதலாக ஆகும். அந்த இருபது நிமிஷம் நம்மிடம் இல்லை என்பதால்தான் அவருக்கு பிரெட் போகிறது. அதை ஆரோக்கியம் என்று சொல்லாமல் அவசரம் என்றாவது சொல்வோம். அப்படிச் சொன்னாலே பாதி நாள் அடுப்பைப் பற்றவைத்துவிடுவோம் என்று எனக்கு நம்பிக்கை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, டயட்டீஷியனும் இல்லை. மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டை மாற்றும் முன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.